லட்சுமி விலாஸ் வங்கி: வைப்பு ரசீதுக்குப் பணம் உண்டு, பங்குப் பத்திரத்துக்கு ஏன் இல்லை?

வாசகர் கேள்வி – 2024 பிப்ரவரி 4

தாத்தா வீட்டைக் காலி செய்தபோது பீரோவில் லட்சுமி விலாஸ் பேங்க் பிக்சட் டெபாசிட் ரசீது ஒன்றும் அதே பேங்கின் பங்குப் பத்திரம் ஒன்றும் கிடைத்தன. பேங்க் மூழ்கிவிட்டது, சிங்கப்பூர்க்காரனுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டார்கள், இரண்டும் இனி குப்பைதான் என்கிறார் மாமா. கரூர்ப் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள், அவர் சொல்வது சரியா?

பிப்ரவரி 4, இரவு

ரசீதைக் கிழித்துவிடாதீர்கள். அது குப்பை இல்லை, பணம். 2020 நவம்பர் 27 அன்று லட்சுமி விலாஸ் வங்கியின் எல்லா டெபாசிட்டுகளும் சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனமான டிபிஎஸ் பேங்க் இந்தியாவுக்கு அப்படியே மாறிவிட்டன, ஒரு ரூபாய்கூடக் கழிக்கப்படவில்லை. பங்குப் பத்திரத்துக்குத்தான் ஒன்றும் கிடைக்காது. ஒரே பேங்க், ஒரே பீரோ, இரண்டு காகிதத்துக்கும் இரண்டு கதி. மாமா பாதி சரி. விவரமாக நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

முதலில் ரசீது. முதிர்வுத் தேதியைப் பாருங்கள். முதிர்ந்தும் பத்து வருடம் யாரும் கேட்காமல் கிடந்திருந்தால், வங்கி அந்தத் தொகையை ரிசர்வ் வங்கியில் உள்ள வைப்பாளர் கல்வி விழிப்புணர்வு நிதிக்கு அனுப்பியிருக்கும். 2014-இல் வந்த ஏற்பாடு இது. அங்கே போய்விட்டால் அரசாங்கம் விழுங்கிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, எத்தனை வருடம் கழித்தும் வாரிசுகள் கேட்கலாம். ஆனால் ரிசர்வ் வங்கியிடம் நேராகக் கேட்க முடியாது, கிளையில்தான் மனு கொடுக்க வேண்டும். கிளை உங்களுக்குக் கொடுத்துவிட்டு நிதியிலிருந்து வாங்கிக்கொள்ளும். வட்டி தரும் கணக்காக இருந்தால் 2021 மே 11-இலிருந்து அந்த நிதி தருவது வருடத்துக்கு 3 சதவீதத் தனிவட்டி.

பெயரைத் தேட உத்கம் என்று ரிசர்வ் வங்கி ஒரு தளம் வைத்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 17-இல் திறந்தபோது அதில் ஏழே வங்கிகள்தான் இருந்தன, அந்த ஏழில் டிபிஎஸ் பேங்க் இந்தியாவும் ஒன்று. தாத்தா பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். பழைய லெட்ஜரில் இனிஷியல் முன்னால் இருக்கும், கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அதைப் பின்னால் போட்டிருப்பார், "ராமசாமி" ஒன்றையே நாலு விதமாக அடித்து வைத்திருப்பார்கள்.

நாமினி பெயர் இருந்தால் இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாள அட்டையும் போதும் என்ற அளவில் வேலை முடியும். இல்லையென்றால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகளிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள். அத்தைகளை விட்டுவிடாதீர்கள்.

பிப்ரவரி 5, மறுபடியும்

ஒன்று விட்டுப்போனது. ரசீதில் உள்ள கிளை இப்போது அதே இடத்தில் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், பக்கத்தில் எந்த டிபிஎஸ் கிளை இருந்தாலும் அங்கே போங்கள். பழைய கணக்கு எண் எழுதிய பாஸ்புக் கிடைத்தால் அதையும் எடுத்துப் போங்கள். ரசீதை லேமினேட் செய்ய வேண்டாம், பின்பக்கம் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 7

பங்கு ஏன் பூஜ்யம் என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார். கோபம் நியாயமானது. ஆனால் கோபப்பட வேண்டிய இடம் எது என்று பார்க்க வேண்டும்.

இது இரண்டு முதலாளிகள் உட்கார்ந்து பேசி முடித்த இணைப்பு இல்லை. வங்கி ஒழுங்காற்றுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி ரிசர்வ் வங்கி திட்டம் போட்டு, மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துச் செய்த கட்டாய இணைப்பு. இந்த அதிகாரம் 1960-இல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பேங்க் விழுந்து ஊரே அழுத பிறகு வந்தது. வைப்பாளர்களுக்கான காப்பீடும் அதே அடியில் பிறந்ததுதான், 1962 ஜனவரியில் வெறும் 1,500 ரூபாய் வரம்போடு ஆரம்பித்து 2020 பிப்ரவரியில் 5 லட்சம் ஆனது.

கவனியுங்கள், லட்சுமி விலாஸைக் கலைத்திருந்தால் காப்பீட்டின்படி ஒருவருக்கு 5 லட்சத்துக்கு மேல் உத்தரவாதம் கிடையாது. இணைத்ததால்தான் 20 லட்சம் ரூபாய் போட்டவருக்கும் 20 லட்சமும் நின்றது. 2019 செப்டம்பரில் முடங்கிய மகாராஷ்டிரத்தின் பிஎம்சி கூட்டுறவு வங்கியை நினைத்துப் பாருங்கள். முதலில் எடுக்கவிட்டது ஆயிரம் ரூபாய். வேறு வங்கியோடு இணைந்தது 2022 ஜனவரியில். பெரிய தொகை போட்டவர்களுக்குப் பத்து வருடத் தவணை. நம் பக்கத்து ஆட்கள் காத்திருந்தது பத்து நாள்.

பங்குதாரர் என்பவர் உரிமையாளர். வங்கியின் சொத்தை விடக் கடன்பாடு அதிகமானால் முதலில் கரைவது உரிமையாளர் பங்கு. 2020 செப்டம்பர் கணக்குப்படி இந்த வங்கியின் மூலதன விகிதம், அதாவது கொடுத்த கடன்களுக்கு எதிராக வங்கியின் சொந்தப் பணம் எவ்வளவு என்ற கணக்கு, பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது. மொத்தக் கடனில் ஏறக்குறைய கால் பங்கு வாராக்கடன். சட்டப்படி பார்த்தால் பங்கைப் பூஜ்யமாக எழுதித் தள்ளியது சரிதான். ஆனால் அது மட்டுமே முழு நியாயமா என்பதற்கு இன்னொரு நாள் வருகிறேன்.

பிப்ரவரி 11

எங்கள் ஊர் லட்சுமி விலாஸ் கிளை எப்படி இருந்தது என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் ஊர் கரூரிலிருந்து காவிரிக் கரையோரமாகப் போகும் பாதையில் இருக்கிறது. வாழை, வெற்றிலை, கொஞ்சம் கரும்பு. ஊரில் யாரும் முழுப் பெயர் சொல்ல மாட்டார்கள், "லட்சுமி விலாஸ்" என்றால் போதும். கரூரில் இன்னொரு பழைய வங்கியான கரூர் வைசியா வங்கி 1916-இலேயே வந்துவிட்டது, அதை "வைசியா பேங்க்" என்போம். சிலர் வீட்டில் அப்பா வைசியா பேங்க்காரர், மாமனார் லட்சுமி விலாஸ்காரர் என்று பேச்சு இருக்கும், கட்சிபோல.

லட்சுமி விலாஸ் 1926 நவம்பர் 3-இல் பதிவானது. வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியார் தலைமையில் கரூர் வணிகர்கள் ஏழு பேர் சேர்ந்து தொடங்கினார்கள். ஜவுளி வியாபாரத்துக்கும் விவசாயத்துக்கும் பணம் புரட்ட வேண்டும், அதுதான் நோக்கம். 1958-இல் உரிமமும் அட்டவணை வங்கி (ரிசர்வ் வங்கியின் பட்டியலில் உள்ள வங்கி) என்ற தகுதியும் கிடைத்தன. 1969-இல் 50 கோடிக்கு மேல் டெபாசிட் வைத்திருந்த 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார்கள், 1980-இல் 200 கோடிக்கு மேல் வைத்திருந்த இன்னும் ஆறு. லட்சுமி விலாஸ் இரண்டு தடவையும் அந்த அளவை எட்டவில்லை. சின்னதாக இருந்ததால் தனியார் வங்கியாகவே நின்றது.

எனக்கு அந்தக் கிளையை அறிமுகப்படுத்தியது அப்புச்சி, அம்மாவின் அப்பா. நகைக்கடன் நாள் என்றால் காலையிலேயே கிளம்பிவிடுவார். கவுண்டருக்குப் பக்கத்தில் சின்ன மேசை, தராசு, உரைகல். நகை மதிப்பிடும் ஆசாரி சங்கிலியை உரசிப் பார்த்துவிட்டு எடையைச் சொல்வார், குமாஸ்தா சீட்டில் எழுதுவார், பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார வேண்டும். சித்திரையில் அடகு, தார் வெட்டியதும் மீட்பு, மறுபடி உரத்துக்கு அடகு. ஒரே சங்கிலி வருடத்துக்கு இரண்டு தடவை அந்தப் பெட்டகத்துக்குள் போய் வரும். அமுச்சி, அதாவது பாட்டி, அதைக் கழுத்தில் போட்ட நாட்களை விடப் பேங்கில் இருந்த நாட்கள் அதிகம்.

மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கேஷியரும் அட்டெண்டரும் நிலையாக இருந்தார்கள். யார் தோட்டத்தில் தண்ணீர் வற்றியது, யார் மகன் திருப்பூரில் கடை போட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். வெற்றிலைக் கமிஷன் மண்டிக்காரர் கடன் கேட்டால் மேனேஜர் கோப்பைப் பார்ப்பதற்கு முன் கேஷியர் முகத்தைப் பார்ப்பார். இப்படிக் கொடுத்த கடன்களில் பெரிய ஓட்டை விழ வாய்ப்பே இல்லை. நகை உள்ளே இருக்கிறது, ஆள் ஊரில் இருக்கிறார்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதன் கடைசி வரியைத்தான் நான் இந்த இழை முழுக்கச் சொல்ல நினைப்பது. வங்கியைக் கவிழ்த்தது எங்கள் மாதிரிக் கிளைகள் இல்லை. கரூர்ப் பக்கத்துச் சின்னக் கடன்களை விட்டு, எங்கோ இருக்கும் பெரிய நிறுவனங்களுக்குக் கோடிக் கோடியாகக் கொடுக்கப் போனதுதான் கவிழ்த்தது. சின்ன வியாபாரிக்கும் விவசாயிக்கும் கொடுத்துப் பழகிய வங்கி, கடைசிப் பத்து வருடங்களில் வேகமாக வளர வேண்டும் என்று கார்ப்பரேட் கடன் பக்கம் திரும்பியது. பெரிய கடன் ஒன்று படுத்தால் நூறு கிளைகள் சேர்த்த லாபம் போய்விடும். 2019-20-இல் மட்டும் நஷ்டம் 836 கோடி.

ரெலிகர் ஃபின்வெஸ்ட் என்ற நிதி நிறுவனத்தின் விவகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனம் லட்சுமி விலாஸில் வைத்திருந்த டெபாசிட்டை ஈடாகக் காட்டி வேறு நிறுவனங்களுக்குக் கடன் போனது, அது திரும்பவில்லை, வங்கி டெபாசிட்டை எடுத்துக்கொண்டது, அவர்கள் டில்லியில் வழக்குப் போட்டார்கள். கிட்டத்தட்ட 794 கோடிச் சண்டை. யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஊர்க் கிளையில் ஐம்பதாயிரம் நகைக்கடனுக்கு உரைகல் வைத்துப் பார்த்த வங்கி இது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிப்ரவரி 12, மாலை

"சின்னக் கடனே கொடுத்துக்கொண்டிருந்தால் எப்படி வளர்வது" என்று ஒரு தம்பி கேட்கிறார். நியாயமான கேள்வி. 1994-க்குப் பிறகு புதிய தனியார் வங்கிகள் வந்துவிட்டன, ஏடிஎம், கார்டு, ஊரில் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் சம்பளக் கணக்கு அங்கே. பழைய வங்கிகளுக்கு நெருக்கடி இருந்தது உண்மை. ஆனால் வளராமல் இருப்பதால் வங்கி சாகாது. அந்த வைசியா பேங்க் அதே கரூரில்தான் இருக்கிறது, பெரிய கடனில் அடிபட்டும் எழுந்து நிற்கிறது.

பிப்ரவரி 18

2020 நவம்பரில் வங்கியில் பணம் எடுக்கத் தடை இருந்த அந்தப் பத்து நாட்களைப் பற்றிப் பாதிப் பேர் தப்பாக எழுதியிருக்கிறார்கள், வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

2019 ஏப்ரலில் இந்தியாபுல்ஸ் ஹவுசிங் பைனான்ஸோடு இணைவதாக அறிவிப்பு வந்தது. செப்டம்பர் கடைசியில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகள் விதித்தது, அக்டோபரில் அந்த இணைப்புக்கு அனுமதி மறுத்தது. 2020-இல் கிளிக்ஸ் கேபிடல் என்ற நிதி நிறுவனத்தோடு பேச்சு, அதுவும் முடியவில்லை. 2020 செப்டம்பர் 25 பொதுக்குழுவில் பங்குதாரர்கள் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். "பங்குதாரர்கள் தூங்கினார்கள்" என்று சொல்பவர்கள் இந்த நாளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தூங்கவில்லை, விழித்தபோது நேரம் கடந்திருந்தது.

தீபாவளி நவம்பர் 14, சனிக்கிழமை. 17, செவ்வாய் மாலை 6 மணிக்குத் தடை உத்தரவு. ஒருவர் எடுக்கக்கூடியது 25,000 ரூபாய், டிசம்பர் 16 வரை. வைத்தியம், படிப்பு, கல்யாணம் மாதிரிச் செலவுக்குத் தனி அனுமதி உண்டு. கார்த்திகை பிறந்திருந்தது, முகூர்த்த மாதம். மண்டபத்துக்கு மீதி கொடுக்க வேண்டியவர்கள் பத்திரிகையோடு வந்து நின்றார்கள். மறுநாள் காலை கிளை வாசலில் கூட்டம், கொரோனா காலம் வேறு, வட்டம் போட்டு நிற்கச் சொல்லியிருந்தார்கள், யாரும் வட்டத்தில் நிற்கவில்லை. நான் பெரியம்மாவுக்குத் துணையாகப் போயிருந்தேன். கத்தல் அதிகம் இல்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, "உள்ளே இருக்கிற நகை என்ன ஆகும்?" பணத்தை விட நகையைப் பற்றிய பயம்தான் பெரிது. கேஷியர் வெளியே வந்து, நகை உங்களுடையது, கடனைக் கட்டினால் கிடைக்கும் என்று ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னார். வயதானவர்கள் அவர் சொன்ன பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினார்கள். டிவியில் நிர்வாகியாக நியமிக்கப்பட்ட டி.என். மனோகரனும் டெபாசிட் பத்திரம் என்றுதான் சொன்னார். பெரியம்மாவுக்குக் கேஷியர் சொன்னதே போதும்.

25-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல். அன்று நிவர் புயலுக்காகத் தமிழ்நாடு முழுக்க அரசு விடுமுறை, எல்லோர் கண்ணும் மரக்காணம் பக்கம். பேங்க் செய்தி எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்கவே இல்லை. 27, வெள்ளிக்கிழமை முதல் எல்லாக் கிளைகளும் டிபிஎஸ் பேங்க் இந்தியா.

பிப்ரவரி 19

"சும்மா தூக்கிக் கொடுத்தார்கள்" என்பதற்கு. பங்குதாரர்களுக்கு ஒன்றும் தரவில்லை என்ற அளவில் சரி. ஆனால் டிபிஎஸ் 2,500 கோடி மூலதனம் உள்ளே போட்டது, டெபாசிட்டுகளைத் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கு லாபமும் உண்டு. இந்தியாவில் முப்பத்துச் சொச்சம் கிளைகள் இருந்த வங்கிக்கு ஒரே நாளில் 550-க்கு மேல் கிளைகள். கரூரிலோ தேனியிலோ புதிதாகக் கிளை போட்டு ஆட்களின் நம்பிக்கையைப் பெற எத்தனை வருடம் ஆகும்? அந்த நம்பிக்கை கணக்குப் புத்தகத்தில் எந்தத் தலைப்பிலும் வராது, அதனால் யாருக்கும் விலை கிடைக்கவில்லை. வங்கி ஊழியர் சங்கங்கள் பொதுத்துறை வங்கியோடு இணையுங்கள் என்று கேட்டன, அந்த யோசனையைச் சரியாகப் பரிசீலித்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஊழியர்கள் சுமார் 4,000 பேருக்கு அதே சம்பளம், அதே நிபந்தனைகளில் வேலை தொடர்ந்தது. இது பெரிய விஷயம்.

பிப்ரவரி 24

பங்கு விஷயத்துக்குத் திரும்புகிறேன். சட்டப்படி சரி என்று 7-ஆம் தேதி எழுதினேன். அதில் மாற்றமில்லை. ஆனால் மற்ற இணைப்புகளோடு வைத்துப் பார்க்கும்போது மனம் ஒப்பவில்லை.

2001 மார்ச்சில் நம் மதுரையின் பேங்க் ஆஃப் மதுரா ஐசிஐசிஐ-யோடு இணைந்தது. 1943-இல் கருமுத்து தியாகராஜன் செட்டியார் தொடங்கியது, 263 கிளைகள். அது நல்ல நிலையில் இருக்கும்போதே செய்த இணைப்பு, ஒரு பங்குக்கு இரண்டு ஐசிஐசிஐ பங்கு. அந்தப் பத்திரத்தை விற்காமல் வைத்திருந்த வீடுகள் இன்று நன்றாக இருக்கின்றன. 2006-இல் நொடிந்துபோன யுனைடெட் வெஸ்டர்ன் பேங்கை ஐடிபிஐ எடுத்தபோது, அதே 45-ஆம் பிரிவுதான், பங்குக்கு 28 ரூபாய் கொடுத்தார்கள். 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் கவிழ்ந்தபோது ஸ்டேட் பேங்க் தலைமையில் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தினார்கள், பழைய பங்குதாரர்களின் பங்கு முக்கால்வாசி மூன்று வருடம் முடக்கப்பட்டதே தவிர அழிக்கப்படவில்லை. எட்டு மாதம் கழித்து லட்சுமி விலாஸுக்கு மட்டும் முழுப் பூஜ்யம்.

2004-இல் இப்படி இணைக்கப்பட்ட குளோபல் டிரஸ்ட் பேங்கின் பங்குதாரர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை, அது உண்மை. ஆனால் லட்சுமி விலாஸின் வரைவுத் திட்டம் 17-ஆம் தேதி மாலை வந்து, கருத்துச் சொல்லக் கெடு 20-ஆம் தேதி மாலை 5 மணி. மூன்று நாள். கரூரில் மகள் கல்யாணத்துக்கும் ஓய்வுகாலத்துக்கும் என்று இந்தப் பங்கை வாங்கி வைத்த சின்ன ஆட்கள் மூன்று நாளில் ஆங்கில வரைவைப் படித்து என்ன எழுதி அனுப்புவார்கள்? பின்னாளில் வாராக்கடன் வசூலானால் அதில் பழைய சின்னப் பங்குதாரருக்கு ஒரு பங்கு என்று ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். இதைத்தான் கோபத்தோடு கேட்க வேண்டும், டெபாசிட் போனது என்ற பொய்யைப் பரப்பிக்கொண்டிருக்கக் கூடாது.

பிப்ரவரி 25

லாக்கர் பற்றிக் கேட்டவருக்கு: இணைப்பால் லாக்கர் போகாது. ஆனால் ரிசர்வ் வங்கியின் புதிய லாக்கர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட 2023 டிசம்பர் 31 வரை கெடு இருந்தது. போடவில்லை என்றால் இந்த வாரமே போங்கள். பழைய செக் புத்தகம் செல்லாது. எல்ஏவிபி என்று ஆரம்பிக்கும் பழைய ஐஎஃப்எஸ்சி எண் 2022 பிப்ரவரி 28-உடன் நின்றுவிட்டது. கேஸ் மானியம், பென்ஷன், எல்ஐசி எங்காவது பழைய எண் கொடுத்திருந்தால் மாற்றுங்கள்.

மார்ச் 3

இழையைத் தொடங்கியவருக்கு உத்கமில் தாத்தா பெயர் கிடைத்துவிட்டதாம், தனிச்செய்தியில் சொன்னார். சந்தோஷம்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். 1961-இலிருந்து 65-க்குள் லட்சுமி விலாஸ் தானே ஒன்பது சின்ன வங்கிகளை எடுத்துக்கொண்டது. பாலை வங்கிக்குப் பிறகு நாடு முழுக்கச் சின்ன வங்கிகளை இப்படிச் சேர்த்த காலம் அது. அப்படியென்றால் சில ஊர்க் கிளைகளுக்கு 2020-இல் நடந்தது முதலாவது இணைப்பு இல்லை, இரண்டாவது. அந்த வங்கிகளில் பணம் போட்டவர்கள், பங்கு வைத்திருந்தவர்கள், வேலை பார்த்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எங்கள் பக்கத்தில் எழுதி வைத்தவர் யாரும் இல்லை. உங்கள் வீட்டில் 1965-க்கு முந்தைய பாஸ்புக், ரசீது, செக், பங்குக் கடிதம் எது இருந்தாலும், கணக்கு எண்ணை மறைத்துவிட்டுப் படம் எடுத்து இங்கே போடுங்கள். கிளை பெயரும் ரப்பர் ஸ்டாம்ப் தேதியும் தெரிய வேண்டும். வேடசந்தூர், முசிறி, தாராபுரம் பக்கத்து ஆட்கள் முதலில் பீரோவைத் திறந்து பாருங்கள்.